பெராரியும் மொறிஸ் மைனரும்: எது உண்மையில அரிய கார்?

பெராரி 250 ஜிரிஓவையும் மொறிஸ் மைனரையும் ஒப்பிடலாமோ எண்டு கேட்டால் எங்கட பெடியள் சிரிப்பாங்கள். ஒப்பிடலாம். ஒப்பிடவும் வேணும்.

முதலில் பெராரி. 1962 முதல் 1964 வரை இத்தாலியில் செய்யப்பட்டவை மொத்தம் 36தான். 3 லீற்றர், 12 சிலிண்டர், கிட்டத்தட்ட 300 குதிரைவலு. 2018இல் ஒன்று 48.4 மில்லியன் டொலருக்கு ஏலம் போனது. 2019இல் பொலோன்யா நீதிமன்றம் அதன் வடிவத்தைக் கலைப்படைப்பு என்றே ஏற்றுக்கொண்டது. பந்தயத்தில் வென்ற கார் அது, வெறும் ஷோகேஸ் பொம்மை இல்லை. அதை மறுக்கேல்ல.

மொறிஸ் மைனர் 1948இல் இங்கிலாந்தில் வந்தது. 918 சிசி, முப்பது குதிரைவலுகூட இல்லை. பதினாறு லட்சத்துக்கு மேல் செய்தார்கள். எண்ணிக்கையைப் பார்த்தால் அதில் அருமை ஒன்றுமில்லை.

ஆனால் 1990களின் யாழ்ப்பாணத்தை யோசியுங்கோ. பொருளாதாரத் தடை. பெற்றோல் இல்லை. ஓடினது எது? மொறிஸ் மைனரும் ஒஸ்ரினும்தான். சின்னப் போத்திலில் இருந்து கொஞ்சம் பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாத்தினார்கள். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது, அதுதான் அந்தச் சூட்சுமம். நோயாளியும் கர்ப்பிணியும் ஆசுபத்திரிக்குப் போனது அந்தப் புகையோடதான்.

இது தற்செயல் இல்லை. போருக்குப் பிந்திய பிரித்தானியாவில் 1950 வரை பெற்றோல் பங்கீடு இருந்தது. கிடைத்ததும் தரம் குறைந்த பெற்றோல். அதுக்கேற்ற குறைந்த அமுக்க எஞ்சினோடுதான் அந்தக் கார்கள் பிறந்தன. ஒரு நாட்டின் தட்டுப்பாட்டுக்குச் செய்த எஞ்சின் இன்னொரு நாட்டின் தட்டுப்பாட்டில் தாக்குப்பிடித்தது. பந்தயத்துக்கெண்டு செய்த உயர் அமுக்க பெராரிக்கு மண்ணெண்ணெயை ஊத்தினால் எஞ்சின் தட்டித்தட்டியே செத்திருக்கும்.

சேகரிப்பாளர்களோட எனக்குள்ள சண்டை இதுதான். அவர்கள் அளக்கிறது "ஒறிஜினல்" எண்ட ஒரே கோலால். தொழிற்சாலையில் இருந்து வந்தபடியே இருக்கவேணுமாம். அதனால் இங்கத்தைய கார் ஒன்றை வாங்கினவுடன் முதல் வேலை, எங்கட மெக்கானிக்மார் செய்த மாற்றங்களைக் கழட்டி எறியிறது. பிறகு பொலிஷ் பண்ணி, கலியாண வாடகைக்கு விடுறது. பதினாறு லட்சம் மொறிஸ் மைனரில் மண்ணெண்ணெயில் ஓடினவை எத்தனை? அந்தக் காரில் உண்மையில அரிதாக இருந்ததைத்தான் கழட்டி எறியினம்.

ஒரு இத்தாலியக் கொல்லன் தகரத்தைத் தட்டி வளைத்தால் கலை. கொக்குவில் கராஜில் ஒருவர் காபரேற்றரைத் திருத்தினால் "ஒட்டுவேலை". இந்தத் தராசை நாங்களும் கேள்வி கேட்காமல் தூக்கிப் பிடிக்கிறம்.

கஷ்டத்தைக் கொண்டாடச் சொல்லேல்ல. எரியாத மண்ணெண்ணெய் கசிந்து ஒயிலைக் கெடுத்தது, எஞ்சின்கள் தேய்ந்தன, ஆக்கள் புகையைக் குடிச்சினம். அதுவும் சேர்த்துத்தான் வரலாறு.

வீட்டில பழைய கார் நிண்டால் விக்கிறது உங்கட விருப்பம். விக்க முதல் எஞ்சின் மூடியைத் திறந்து படமெடுங்கோ. அதில கை வைத்த மெக்கானிக் உயிரோட இருந்தால் போய்க் கேட்டு, அவர் சொல்லுறதைப் பதிவு செய்யுங்கோ. அவருக்கும் வயது போகுது.