கடல் கடந்து செல்வோரின் கைப்பணம்

உடப்புசல்லாவைத் தோட்டங்களிலிருந்து தமிழ்நாடு செல்வோர் பல திறத்தினர். பழநிக்கும் இராமேஸ்வரத்திற்கும் யாத்திரை போவோர், தாயின் கண் சிகிச்சைக்காக மதுரை செல்வோர், மேற்படிப்பை நாடும் மாணவர் எனப் பலர் உளர். விமானச் சீட்டை நாலு இடத்தில் விலை கேட்டு வாங்கும் நம்மவர், பணத்தை மாற்றும் இடத்தில் மட்டும் ஏனோ கண்ணை மூடிக்கொள்கின்றனர்.

எல்லைக்கு அப்பால் பணங் கொண்டுபோவது மலையகத்தாருக்குப் புதிய கவலையன்று. 1964 ஆம் ஆண்டு அக்டோபர் 30 ஆந் திகதி கைச்சாத்தான ஸ்ரீமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியா செல்வோர், தம் சேமலாப நிதியையும் பணிக்கொடையையும் எடுத்துச்செல்லலாமென்று விதிக்கப்பட்டது. ஒரு குடும்பத்துக்கு அனுமதிக்கும் உச்ச வரம்பு 4,000 ரூபாவுக்குக் கீழே குறைக்கப்படமாட்டாது என்பதும் அதிலேயே எழுதப்பட்டிருந்தது. தலைமன்னாரிற் கப்பலேறிய பலருக்கு வாழ்நாள் உழைப்பு முழுவதும் அக்காகிதங்களில் அடங்கியிருந்தது. இன்று போய்வருவோருக்கு அத்துணை இடரில்லை. ஆயினும் சிறுகச் சிறுகக் கரையும் பணமும் பணமே.

வங்கி அட்டையை எடுத்துக்கொள்வோம். இந்திய ஏ.டி.எம். இயந்திரத்திற் பணம் எடுத்தால், நம் வங்கி ஒவ்வொரு தடவைக்கும் ஒரு நிலையான கட்டணமும், தொகைக்கு இத்தனை வீதமென்று இன்னொன்றும் அறவிடலாம். அங்குள்ள வங்கியும் தன் பங்குக்குக் கேட்பதுண்டு. நிலையான கட்டணம் 500 ரூபா என்று வைத்துக்கொள்வோம். உமக்குத் தேவை 50,000 இந்திய ரூபா. ஐயாயிரமாகப் பத்து முறை எடுத்தால் 5,000 ரூபா போகும். பத்தாயிரமாக ஐந்து முறை எடுத்தால் 2,500 ரூபாதான். மிஞ்சும் தொகை, கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணின் நாட்சம்பளத்தினும் அதிகம்!

இயந்திரம் சில வேளைகளில், “உமது நாட்டு நாணயத்திலேயே கணக்கிடவா?” என்று மிக்க பரிவோடு வினவும். அப்பரிவை நம்ப வேண்டா. அதன் மாற்று வீதத்தை இயந்திரத்தை நடத்துவோர் தம் இலாபத்தையும் சேர்த்தே நிர்ணயிக்கின்றனர். இந்திய ரூபாவையே தெரிவு செய்க. கடைகளில் அட்டை கொடுக்கும்போதும் அவ்வாறே. கடன் அட்டையிற் பணம் எடுப்பது மிக அவசரத்துக்கு மட்டுமே. எடுத்த நாள் முதலே வட்டி ஏறத் தொடங்கும்.

“கமிஷன் இல்லை” என்ற பலகையைக் கண்டு மகிழ்வோரும் உளர். வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடையிலன்றோ வியாபாரியின் ஆதாயம் இருக்கிறது! கைக்கு எத்தனை வருமென்று கேட்டு, இரண்டு மூன்று இடங்களில் ஒப்பிடுவதே முறை. இலங்கையில் மத்திய வங்கியின் அனுமதி பெற்றவரிடமே மாற்றிப் பற்றுச்சீட்டு வாங்குக.

தமிழ்நாட்டுச் சிறு கடைகளிலும் இப்போது கைத்தொலைபேசியாற் பணம் செலுத்துகின்றனர். அவ்வசதி பெரும்பாலும் இந்திய வங்கிக் கணக்குடையோர்க்கே உரியதாகையால், நம்மவர்க்கு ஆட்டோவுக்கும் அருச்சனைத் தட்டுக்கும் நோட்டுக்களே துணை. அவற்றை ஒருவரிடமே வைத்திராமல் இருவர் பகிர்ந்து வைத்தல் நலம்.

புறப்படுமுன், அட்டை வெளிநாட்டிற் செல்லுமா என்று வங்கியில் வினவுக. வங்கி அனுப்பும் இரகசிய இலக்கம் வரும் தொலைபேசி எண்ணை வீட்டு அலுமாரியிற் பூட்டிவிட்டுப் போனால், அட்டை இருந்தும் பயன்படாமற் போகலாம். திரும்பும்போது மீந்த நோட்டுக்களை, வாங்கிய பற்றுச்சீட்டுடன் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். மாற்றுமிடத்தில் அதைக் கேட்பதுண்டு.