தோட்டாவின் வேகம் என்ன? ஊஞ்சல் முதல் ரேடார் வரை... கடலூரில் முடிந்த ஒரு கதை!

1,000 கஜம். அதாவது, சுமார் 914 மீட்டர். அவ்வளவு தூரத்தில் இருக்கும் இலக்கைக் குறிபார்த்துச் சுடுவதற்கென்றே போட்டிகள் நடக்கின்றன. அமெரிக்காவின் எஃப்-கிளாஸ் போட்டிகளில், இந்தத் தூரத்தில் 10 புள்ளிகள் தரும் வட்டத்தின் அகலம் 25 செ.மீ மட்டுமே. கிட்டத்தட்ட ஒரு சாப்பாட்டுத் தட்டு!

மூச்சு, விரல், கண், காற்றின் கணக்கு என எல்லாம் சரியாக இருந்தும், சில நேரம் தோட்டா தட்டுக்கு மேலேயோ கீழேயோ போய்விடும். சுட்டவர் தன் கையை நொந்துகொள்வார். ஆனால், தப்பு கையில் இல்லாமல், அவர் நம்பிய ஓர் எண்ணில் இருக்கலாம். அந்த எண், தோட்டாவின் வேகம்.

3 மீட்டர் வித்தியாசம் என்ன செய்யும்?

இந்தப் போட்டிகளில் பயன்படும் ஒரு வகைத் தோட்டா, குழலை விட்டு விநாடிக்குச் சுமார் 800 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். இலக்கைத் தொட ஒன்றரை விநாடிக்கும் மேல் ஆகும். அதற்குள் புவியீர்ப்பு அதைச் சுமார் 10 மீட்டர் கீழே இழுத்துவிடும். அதனால்தான் வீரர்கள் தோட்டாவின் வேகத்தை மொபைல் ஆப்பில் கொடுத்து, எவ்வளவு மேலே குறிவைக்க வேண்டும் என்று கணக்கிடுகிறார்கள்.

வேகத்தில் விநாடிக்கு 3 மீட்டர் பிசகினால், இலக்கில் தோட்டா சுமார் 8 செ.மீ ஏறியோ இறங்கியோ படும். பிசகு 5 மீட்டரானால் வட்டமே கைநழுவிப் போய்விடும்.

ஊஞ்சல் சொன்ன பதில்

கண்ணுக்கே தெரியாமல் பறப்பதை எப்படி அளப்பது? இதற்கு வழி கண்டவர் இங்கிலாந்தின் கணித அறிஞர் பெஞ்சமின் ராபின்ஸ். 1742-ல் வெளியான தன் நூலில் அதை விளக்கினார்.

ஊஞ்சல் போலத் தொங்கும் கனமான ஊசல். எடை சுமார் 25 கிலோ. அதில் பொருத்திய மரப்பலகையில் ஈயக் குண்டைச் சுட வேண்டும். குண்டு பலகையில் பதிந்ததும் ஊசல் பின்னோக்கி ஆடும். அது எவ்வளவு தூரம் ஆடியது என்பதை, அதோடு இணைத்த ஒரு ரிப்பன் காட்டிக்கொடுக்கும். குண்டின் எடை, ஊசலின் எடை, ஆடிய தூரம் போன்றவை தெரிந்தால் குண்டின் வேகம் கணக்கில் வந்துவிடும். விநாடிக்கு 1,600 அடிக்கும் மேல் என்றது அவர் கணக்கு.

ஊசலை வெவ்வேறு தூரங்களில் வைத்துச் சுட்டபோது இன்னோர் உண்மையும் தெரிந்தது. 'இவ்வளவு வேகமாகப் போகும் கனமான குண்டைக் காற்று என்ன செய்துவிடும்?' என்றுதான் அதுவரை பலரும் நினைத்தார்கள். ஆனால், காற்று அதை மிகக் கடுமையாகத் தடுக்கிறது என்று ஊசல் நிரூபித்தது. ராபின்ஸின் நூலை கணித மேதை ஆய்லரே ஜெர்மனில் மொழிபெயர்த்தார்.

வெளிச்சமும் ஏமாற்றும்

பின்னாளில் 'க்ரோனோகிராஃப்' கருவிகள் வந்தன. இரண்டு ஒளி உணரிகளுக்கு மேலே தோட்டா பறக்கும். முதல் உணரியில் நிழல் விழுந்ததும் கடிகாரம் ஓடத் தொடங்கும். இரண்டாவதில் விழுந்ததும் நிற்கும். இடைவெளி 60 செ.மீ என்றால், அந்தப் பயணம் ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்குகூட ஆகாது.

சிக்கலும் அங்கேதான். உணரிகளின் இடைவெளியில் 3 மி.மீ பிசகினாலே, வேகத்தில் விநாடிக்கு 4 மீட்டர் தவறு வந்துவிடும். மேகம் மறைத்தாலும், வெயில் சாய்ந்தாலும் அளவு மாறலாம். அப்போதும் கருவி கூச்சமே இல்லாமல் ஓர் எண்ணைக் காட்டும்!

அதனால்தான் இப்போது பலர் டாப்ளர் ரேடாருக்கு மாறிவிட்டார்கள். நெடுஞ்சாலையில் காரின் வேகத்தைப் பிடிக்கும் போலீஸ் ரேடார் வேலை செய்யும் அதே தத்துவம்தான். துப்பாக்கியின் பக்கத்தில் வைத்தால் போதும். தோட்டாவில் பட்டுத் திரும்பும் அலையின் மாற்றத்தை வைத்து வேகத்தைச் சொல்லிவிடும். வெயிலும் நிழலும் அதற்குப் பொருட்டே இல்லை.

ஒரு சோறு பதம் ஆகாது

நல்ல கருவி இருந்தால் மட்டும் போதுமா? ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். இங்கே அது செல்லாது. ஒரே பெட்டியில் இருக்கும் தோட்டாக்களே ஒன்றுக்கொன்று சற்று வேகம் மாறும். வெடிமருந்து சூடானாலும் வேகம் மாறலாம். மூன்று முறை சுட்டுவிட்டு 'இதுதான் வேகம்' என்று முடிவு செய்தால், அது அதிர்ஷ்டத்தை அளந்த மாதிரிதான். 10, 20 முறை சுட்டு, சராசரியோடு, வேகம் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

கடைசித் தீர்ப்பு இலக்கினுடையது. ஆப் சொன்ன உயரமும் தோட்டா பட்ட உயரமும் தொடர்ந்து ஒத்துப்போகவில்லை என்றால், அனுபவசாலிகள் கணக்கில் கொடுத்த எண்களைத்தான் திருத்துவார்கள். இலக்கோடு சண்டைபோட மாட்டார்கள்.

காற்றைப் பற்றிய பழைய நம்பிக்கையை ராபின்ஸ் உடைத்ததும் இப்படித்தான். சொன்னதை நம்பாமல் சுட்டுப் பார்த்தார். ஊசல் ஆடியதைக் குறித்துக்கொண்டார். பிறகு கிழக்கிந்திய கம்பெனியின் கோட்டைகளைச் சீரமைக்க தமிழகத்துக்கு வந்த அவர், 1751 ஜூலையில் கடலூர் தேவனாம்பட்டினத்தின் புனித டேவிட் கோட்டையில் காலமானார். ரேடார் வைத்து வேகம் பார்க்கும் இன்றைய வீரர்களுக்கு முன்னோடியான மனிதரின் கடைசி நாள்கள், கெடிலம் ஆற்றங்கரையில்தான் கழிந்தன.