பெயரை ஒளித்த பையன்



சென்ற ஞாயிற்றுக்கிழமை செராஸில் எங்கள் வீட்டில் ஒரு படம் போட்டோம். அத்தையும் உடன் உட்கார்ந்தார். வயது தொண்ணூறை நெருங்குகிறது. ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்து, பால்மரம் சீவியே காலத்தைக் கழித்தவர். ஜெர்மன் படம் இவருக்கு என்ன புரியப் போகிறது என்று எண்ணினேன். நான் எண்ணியது தவறு.

படத்தின் பெயர் ‘யூரோப்பா யூரோப்பா’. போலந்து நாட்டு இயக்குநர் அக்னியெஸ்கா ஹாலண்ட் அம்மையார் எடுத்து 1990-இல் வெளிவந்தது. சாலமன் பெரெல் என்ற யூதரின் சொந்த வாழ்க்கைக் கதை அது. அவர் 1925-இல் ஜெர்மனியில் பிறந்தார். ஹிட்லரின் கொடுமைக்கு அஞ்சிக் குடும்பம் போலந்தின் லோட்ஸ் நகருக்குப் போனது. 1939-இல் போர் அங்கேயும் வந்தது. பெற்றோர் அவரைக் கிழக்கே அனுப்பி வைத்தார்கள்.

1941-இல் ஜெர்மன் படையிடம் பிடிபட்டபோது அவருக்கு வயது 16. யூதர்களைத் தனியே பிரித்துக் கொன்றுகொண்டிருந்தார்கள். பையன் தன் அடையாளத் தாள்களை மண்ணில் புதைத்தான். முறை வந்ததும், “நான் ஜெர்மன்காரன்” என்றான். நம்பினார்கள்! யோசெஃப் என்ற பெயரில் மொழிபெயர்ப்பாளனாக வைத்துக்கொண்டார்கள். பிறகு ஹிட்லர் இளைஞர் இயக்கத்தின் பள்ளிக்கே அனுப்பினார்கள்.

அங்கே ஒவ்வொரு நாளும் கண்டம்தான். யூத ஆண்பிள்ளைகளுக்குச் சுன்னத்து உண்டு. குளிக்கும் இடத்தில் ஒருவன் பார்த்தால் போதும், உயிர் போய்விடும். ஒரு காட்சியில் ஆசிரியர் அவன் தலையை அளந்து பார்த்து, நல்ல ஆரியன் என்று வகுப்பறையில் சான்று கூறுகிறார். சிரிப்பும் வருகிறது, வயிறும் கலங்குகிறது.

விடுமுறையில் அவன் தாயைத் தேடி லோட்ஸ் போகிறான். யூதர்களை அடைத்து வைத்த பகுதியின் நடுவே டிராம் வண்டி ஓடும்; இறங்க முடியாது. ஹிட்லர் பள்ளிச் சீருடையோடு அதில் போகிறான், வருகிறான். அம்மா என்று கூப்பிட வாயில்லை.

அப்போதுதான் அத்தை பேசினார்.

“ஜப்பான்காரன் காலத்துல சயாம் ரயிலுக்கு ஆள் பிடிக்க லோரி வரும். எங்க அப்பாவைக் காட்டுல ஒளிச்சு வெப்போம். லோரி போனதும் வந்துருவாரு. நாங்க ஆளை ஒளிச்சோம்யா. இந்தப் பிள்ளை பேரையே ஒளிச்சிருக்கு. அது எப்ப வெளிய வரும்?”

எனக்குப் பதில் வரவில்லை. பெரெலின் தாய், தந்தை, தமக்கை மூவரும் மாண்டனர். கொல்லப்பட்ட யூதர்கள் ஏறத்தாழ 60 லட்சம் பேர். பெரெல் பிழைத்து இஸ்ரேலில் குடியேறினார். ஆனால் ஏறத்தாழ 40 ஆண்டுகள் இந்தக் கதையை வெளியே சொல்லவில்லை. அந்த ஹிட்லர் பள்ளிச் சிறுவன் தமக்குள் இன்னும் இருக்கிறான் என்று முதுமையிலும் சொல்லிவந்தார். 2023-இல், 97-ஆம் வயதில் காலமானார்.

இது எங்கோ வெள்ளைக்காரன் ஊர்க் கதை என்று தள்ளிவிடாதீர்கள். 1983 ஜூலையில் கொழும்பில் நம் இனத்துப் பெண்கள் நெற்றிப் பொட்டை அழித்துவிட்டு ஓடினார்கள். தெருவில் மறித்தவர்கள் வாளியைக் காட்டி, சிங்களத்தில் பெயர் சொல் என்றார்கள். ‘பால்திய’ என்ற சொல் நாவில் புரளாவிட்டால் தமிழன் என்று தெரிந்துவிடும். தாய்மொழியே காட்டிக்கொடுத்தது. அதே வேளையில், தமிழ்க் குடும்பங்களைத் தம் வீட்டில் மறைத்து வைத்துக் காத்த சிங்களவர்களும் பலர் இருந்தார்கள்.

பொய் சொல்லாதே என்றுதான் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்க்கிறோம். ஆனால் உயிருக்கு அஞ்சிப் பெயரை மறைத்தவனை நாம் பழிக்கலாமா? பெயரைக் கேட்டுக் கொல்ல நின்றவனைத்தானே பழிக்கவேண்டும்? நம் அடுக்குமாடி வீடுகளில் மலாய்க்காரர், சீனர், தமிழர் என்று கதவோடு கதவாக இருக்கிறோம். பக்கத்து வீட்டார் பெயரைக் கூசாமல் சொல்லி வாழ இடம் கொடுப்பது நம் ஒவ்வொருவர் கையிலும் இருக்கிறது.

படம் முடிந்ததும் அத்தை என் பேரனை அருகில் அழைத்தார். காட்டில் ஒளிந்த தம் தந்தையின் பெயரை அவன் காதில் சொல்லி, மூன்று முறை திருப்பிச் சொல்ல வைத்தார்.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பெயர் இருக்கும். இன்றே பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள்.