உங்கள் கார்: திருப்பத்தில் கேட்கும் 'டக் டக்'

தைப்பிங்கிலிருந்து சகோதரி ஒருவர் எழுதியிருக்கிறார். காலஞ்சென்ற தந்தையார் தோட்டத்தில் கிராணியாக இருந்தபோது வாங்கிய மினி கார் இன்னும் வீட்டில் இருக்கிறதாம். டிரம் பிரேக் கொண்ட பழைய மாடல். சில வாரங்களாகத் திருப்பத்தில் முன்பக்கம் 'டக் டக்' என்று சத்தம். சி.வி. ஜாயிண்ட் தேய்ந்துவிட்டது என்று மெக்கானிக் சொல்லிவிட்டார். தம்பியோ தாமே மாற்றிவிடுவதாக நிற்கிறார். "விடலாமா, ஐயா?" என்று கேட்கிறார்.

விடலாம், சகோதரி. மினியில் இது வீட்டு முற்றத்தில் செய்யக்கூடிய வேலைதான். ஆனால் அந்தக் காரின் முன்சக்கரம் கழன்று ஓடாமல் பிடித்திருப்பது, ஜாயிண்டின் நுனியில் உள்ள ஒரே ஒரு நட்டு. அதை மனத்தில் வைத்துக்கொண்டு தம்பி ஸ்பேனரை எடுக்கட்டும்.

மினியை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ்தான் மோரிஸ் மைனரையும் வடிவமைத்தவர். மைனரை உந்துவது பின்சக்கரம். 1959இல் வந்த மினியிலோ முன்சக்கரமே காரை இழுக்கவும் வேண்டும், திரும்பவும் வேண்டும். சாதாரணச் சிலுவை ஜாயிண்ட் வளைந்த நிலையில் சுற்றினால், ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வேகம் கூடிக் குறையும். ஸ்டீயரிங் கையில் உதறும். அதற்காகத்தான் ஆறு எஃகுக் குண்டுகள் கொண்ட இந்த ஜாயிண்ட். எவ்வளவு வளைந்தாலும் வேகம் மாறாது. 1985இல் வந்த புரோட்டோன் சாகாவும் முன்சக்கரத்தால் ஓடுவதுதான். ஆகவே மினி இல்லாதவர்களும் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம்.

ஜாயிண்ட் தானாகக் கெடுவது குறைவு. அதை மூடியிருக்கும் ரப்பர் பூட் முதலில் கிழிகிறது. கிரீஸ் வெளியே தெறிக்கிறது, தோட்டத்துச் செம்மண் உள்ளே போகிறது. மண்ணும் கிரீஸும் கலந்தால் அது அரைக்கும் பசை, எஃகையும் தின்றுவிடும். சத்தம் கேட்ட பிறகு புதுக் கிரீஸ் அடைப்பதில் பயனில்லை. சிலர் இடது ஜாயிண்டை வலப்பக்கம் மாற்றிப் போட்டுச் சத்தத்தை அடக்குவார்கள். தேயாத பக்கத்தில் பாரம் விழுவதால் கொஞ்ச நாள் ஓடும். எனக்கு அந்த வித்தையில் மதிப்பில்லை. வெட்டிய காரிலிருந்து எடுத்த பழைய ஜாயிண்டும் வேண்டாம்.

கடையில் 'மினி ஜாயிண்ட்' என்று மட்டும் கேட்கக் கூடாது. டிரம் பிரேக்குக்கு உரியது வேறு, டிஸ்க் பிரேக்குக்கு உரியது வேறு. புதுப் பூட், கிளிப், கிரீஸ் எல்லாம் சேர்ந்த பெட்டியாகப் பார்த்து வாங்குங்கள்.

கார் தரையில் நிற்கும்போதே, ஒருவர் பிரேக்கை மிதித்திருக்க, நடு நட்டைத் தளர்த்துங்கள். மேல் கையின் கீழுள்ள ரப்பரைக் கழற்றி, அந்த இடத்தில் உறுதியான கட்டை ஒன்றைச் செருகிய பிறகே காரைத் தூக்க வேண்டும். ஜாக்கை மட்டும் நம்பி உள்ளே கை நீட்டாதீர்கள், ஸ்டாண்டு அவசியம். ஸ்டீயரிங் கம்பியையும் மேல், கீழ் பால் ஜாயிண்டுகளையும் விடுவித்தால் ஹப் கையோடு வரும். பிரேக் குழாய் இழுபடாமல் அதைக் கட்டித் தொங்கவிடுங்கள். பழைய ஜாயிண்டை மென்சுத்தியலால் வெளிப்பக்கமாகத் தட்டினால் ஷாஃப்டைவிட்டுக் கழலும். தட்டும்போது ஷாஃப்டை வெளியே இழுக்கக் கூடாது. 1970களின் நடுவிலும் பிறகும் வந்த மினிகளில் உள்பக்க ஜாயிண்ட் பிரிந்து, வேலை இரட்டிப்பாகிவிடும்.

பூட்டுவதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஷாஃப்ட் நுனியில் சிறிய கம்பி வளையம் ஒன்று உண்டு. முதலில் பூட்டை ஷாஃப்டில் நுழைத்துவிட்டு, வளையத்தை அமுக்கிப் பிடித்து ஜாயிண்டைத் தட்ட வேண்டும். 'டக்'கென்று உட்காரும். பிறகு கையால் வெளியே இழுத்துப் பாருங்கள்; வரக் கூடாது. வளையம் சரியாக உட்காராமல் மலையேறும்போது ஷாஃப்ட் கழன்றால், மறுசக்கரமும் இழுக்காது. கேமரன் மலைப் பாதையின் நடுவில், பின்னால் லாரி நிற்க, அந்த நிலை யாருக்கும் வேண்டாம்.

கிரீஸ் முழுவதையும் அடைத்துக் கிளிப்பை இறுக்குங்கள். கடைசியில் நடு நட்டு. டிரம் பிரேக் மினிக்கு 60 ராத்தல்-அடி. டிஸ்க் பிரேக்குக்கு இதைவிட இரு மடங்குக்கும் மேல், ஆகவே அந்தந்த மாடலின் கைநூலைப் பார்க்க வேண்டும். கை பலத்தை நம்பாமல் டார்க் ஸ்பேனரை இரவல் வாங்கியாவது வையுங்கள். ஸ்பிளிட் பின் துளை நேர்படாவிட்டால் அடுத்த துளைவரை இறுக்கலாம்; பின்னோக்கித் தளர்த்தக் கூடாது. பழைய பின்னையே திரும்ப வளைத்துப் போடுவதும் கூடாது.

முடிந்ததும் காலியான திடலில் ஸ்டீயரிங்கை முழுவதும் ஒடித்து, இடமாக ஒரு வட்டம், வலமாக ஒரு வட்டம் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். சத்தம் இருக்கக் கூடாது. ஒரு வாரம் கழித்துக் குனிந்து இரு பூட்டுகளையும் பாருங்கள். மாற்றாத பக்கத்தில் சக்கரத்தின் உட்புறம் கிரீஸ் தெறித்திருந்தால், ஜாயிண்ட் சத்தம் போடும்வரை காத்திருக்காமல் அந்தப் பூட்டை மட்டுமாவது உடனே மாற்றிவிடுங்கள்.