முகாம் யாருக்கு, மேடை யாருக்கு?

செங்கல்பட்டுக்காரர்களான எங்களுக்குச் 'சிறப்பு முகாம்' பழகிப்போன சொல். ஈழத்திலிருந்து உயிர் தப்பி வந்தவர்களைச் சந்தேகத்தின் பேரில் ஆண்டுக்கணக்கில் இங்கே அடைத்து வைத்திருந்தார்கள். அதற்கு அன்று நடைமுறையில் இருந்த 1946ஆம் ஆண்டு வெளிநாட்டினர் சட்டம் போதுமானதாக இருந்தது. நீதிமன்றத் தண்டனை தேவைப்படவில்லை. பிணை கிடைத்தவரையும் சிறை வாசலிலிருந்து நேராக முகாமுக்குக் கொண்டுவர முடிந்தது. விடுதலை கேட்டு அவர்கள் பலமுறை பட்டினி கிடந்தார்கள்.

அதே தமிழ்நாட்டில் கொலை வழக்கில் தேடப்பட்ட ஒருவர் 2010 ஜூனில் மகிந்த ராஜபக்சேவின் குழுவில் அமைச்சராக டெல்லி வந்து, பிரதமர் மன்மோகன் சிங்குடன் கைகுலுக்கினார். அவர் டக்ளஸ் தேவானந்தா. 1986 நவம்பர் 1, தீபாவளியன்று சென்னை சூளைமேட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் உள்ளூர் இளைஞர் ஒருவர் இறந்த வழக்கு அது. 1994இல் சென்னை நீதிமன்றம் அவரைத் தேடப்படும் குற்றவாளியாக அறிவித்தது. 1987 இந்திய–இலங்கை ஒப்பந்தமே தனக்குப் பொதுமன்னிப்பு தந்துவிட்டது என்பது அவர் வாதம். அதை அவர் கைதாகி நீதிமன்றத்தில் நின்று சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அவர் இடதுசாரியாகத் தொடங்கியவர். 1983 வெலிக்கடைச் சிறைப் படுகொலையில் உயிர் பிழைத்தார். அதே ஆண்டு மட்டக்களப்புச் சிறையுடைப்பில் வெளியேறினார். ஈ.பி.ஆர்.எல்.எப். படைப்பிரிவின் தளபதியாக இருந்தவர், பிறகு ஈ.பி.டி.பி. என்ற தனிக்கட்சி கண்டார். 1990இல் பிரேமதாசா அரசோடு சேர்ந்தார். யாழ்ப்பாணத் தீவுப் பகுதியில் அவரது கட்சி, படையினரின் துணையோடு ஆயுதக் குழுவாகவே நடமாடியது. 1994 தேர்தலில் பெரும்பாலான யாழ்ப்பாணத்தவர் வாக்களிக்க முடியாத நிலையில், சுமார் 10,000 வாக்குகளுக்கு 9 இடங்கள் அதற்குக் கிடைத்தன. பிறகு சந்திரிகா, மகிந்த, கோத்தபய என ஆட்சிகள் மாறியும் அமைச்சர் பதவி அவரைத் தேடி வந்தது. அவசரகாலச் சட்டமும் பயங்கரவாதத் தடைச் சட்டமும் தமிழர்களை நசுக்கிய காலத்தில், தமிழர் ஒருவர் அமைச்சரவையில் இருப்பது அந்த அரசுகளுக்கு வசதியாக இருந்தது.

சில தோழர்கள் கேட்பார்கள்: "வெள்ளாளத் தலைமைகள் திரும்பிப் பார்க்காத மக்களுக்கு வீடும் வேலையும் வாங்கித் தந்தவர் அவர்தானே?" நியாயமான கேள்வி. கோயிலுக்குள் நுழைய 1968இல் மாவிட்டபுரத்தில் ஒடுக்கப்பட்ட மக்கள் அடி வாங்க வேண்டியிருந்தது. அந்தச் சாதித் திமிரைத் தமிழ்த் தேசியம் நேர்மையாகப் பேசியதில்லை. புலிகளும் மாற்றுக் கருத்தாளர்களைக் கொன்றார்கள். தேவானந்தாவையே பலமுறை கொல்ல முயன்றார்கள். இவை எல்லாம் உண்மை.

ஆனால் மாவிட்டபுரத்தில் நின்றவர்கள் உரிமை கேட்டார்கள். அமைச்சர் வழியாக வந்ததோ சலுகை. சலுகையில் ஒரு பட்டியல் இருக்கும். எதிர்த்துப் பேசினால் பெயர் போய்விடும் என்ற பயமும் இருக்கும். பட்டியலை வைத்திருப்பவரின் ஆட்கள் ஆயுதத்தோடு திரிந்தால் அந்தப் பயம் எவ்வளவு பெரியது என்று யோசித்துப் பாருங்கள்.

அவர் நாடாளுமன்றம் போன அதே 1994இல் எங்கள் மாவட்டத்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும். மாமல்லபுரம் கடற்கரையிலிருந்து அதிக தூரமில்லாத காரணையில், பறிபோன பஞ்சமி நிலத்தைத் தலித் மக்கள் திருப்பிக் கேட்டார்கள். அக்டோபர் 10 அன்று போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் உயிரிழந்தனர். அவர்கள் யாருடைய தயவையும் கேட்கவில்லை. தங்கள் நிலத்தைக் கேட்டார்கள். அதனால்தான் குண்டு வந்தது.

2024 தேர்தலில் தேவானந்தா தோற்றார், ஈ.பி.டி.பி.க்கு ஓர் இடமும் இல்லை. அவரது தோல்வியை நான் கொண்டாடவில்லை. சூளைமேட்டுக் குடும்பத்துக்கு அதனால் நீதி கிடைத்துவிடாது. அதிகாரத்துக்குப் பயன்படுகிறவர் வழக்கோடும் விருந்தாளியாக வரலாம், பயன்படாதவர் வழக்கே இல்லாமலும் முகாமில் கிடக்கலாம் என்ற ஏற்பாடும் அப்படியேதான் இருக்கிறது. சாதி ஒழிப்பு பேசும் நாம், ஒடுக்கப்பட்டோரின் பெயரைச் சொல்லி வரும் எந்தத் தலைவரையும் முதலில் இதைக் கேட்போம்: உங்களை எதிர்த்துப் பேசிய பிறகும் எங்கள் ஊர் மக்களுக்கு வீடு கிடைக்குமா?