மீன் தானே?

போன ஜனவரியில் எங்கட டொராண்டோ பேஸ்மென்டில் ஃபர்னஸ் நின்றுவிட்டது. அறை 12 டிகிரி. 20 லீட்டர் தொட்டியில் ஆறு நியோன் டெட்ரா. 25 வாட் ஹீட்டர் தோற்றுக்கொண்டிருந்தது.

"மீன் தானே தம்பி, சுடுதண்ணி ஊத்தி விடும்" என்றார் வீட்டுக்காரர். அது பிழை. தண்ணீர் குறைந்த தொட்டி சீக்கிரம் குளிரும், சீக்கிரம் சுடும். அந்தத் திடீர் மாற்றமே மீனைக் கொல்லும்.

காற்றுக்கு மேலே இடைவெளி விட்டுப் போர்வை சுற்றினேன். வெந்நீர் நிரப்பி இறுக்கி மூடிய போத்தலை மிதக்கவிட்டேன். குளிரில் செரிக்காது என்பதால் தீனியை நிறுத்தினேன். ஆறும் பிழைத்தன.

காமர்ஸ் படிக்கிறவன் சொல்கிறேன்: மீனின் விலை கடையில் கொடுக்கும் காசோடு முடிவதில்லை. அமேசன் மீனைக் கனடாவுக்குக் கொண்டுவந்தது நாங்கள். அதன் சூடும் எங்கட கணக்கில்தான் வரும். உங்கட தொட்டிக்கு அருகில் போர்வை இருக்கிறதா? :-)