அடுக்களை மீது ஒரு பொய்வழக்கு

ஐக்கிய அமெரிக்காவில் விற்கப்படும் பச்சைக் கோழியிறைச்சிப் பொதிகளில் ஒரு சிறு அறிவித்தல் ஒட்டப்பட்டிருக்கும். 1994 ஆம் ஆண்டு முதல் அது சட்டத்தின் கட்டளை. இது பரிசோதிக்கப்பட்டுத் தேறிய இறைச்சி என்பது அதன் முதல் வாக்கியத்தின் கருத்து. தவறாகக் கையாண்டாலோ சரியாகச் சமைக்காவிட்டாலோ நோய் விளைக்கக்கூடிய கிருமிகள் இதில் இருக்கலாம் என்பது அடுத்ததன் கருத்து. தேறிய பொருளிற் கிருமி எங்ஙனம் வந்தது? அதனை அறிவித்தல் கூறுவதில்லை. இலக்கணம் கற்பித்துப் பிழைப்பவன் என்ற முறையில் எனக்கு இங்கு ஓர் ஐயம் எழுகிறது. கையாள்பவரும் சமைப்பவரும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்பட்டுவிட்டனர். கிருமியைக் கொணர்ந்து சேர்த்தவர் மட்டும் எந்த வாக்கியத்திலும் எழுவாயாகத் தோன்றவில்லை.

இந்த இலக்கணம் தற்செயலானதன்று. இறைச்சிப் பொதிகளில் எச்சரிக்கை வாசகம் இடப்படல் வேண்டுமென அமெரிக்கப் பொதுச் சுகாதாரச் சங்கம் தொடுத்த வழக்கினை 1974 இல் வாஷிங்டன் மேன்முறையீட்டு நீதிமன்றம் தள்ளிவிட்டது. அமெரிக்க இல்லத்தரசியர் அறிவிலிகள் அல்லர், சல்மொனெல்லா நோய் வராவண்ணம் சமைக்க அவர்கள் அறிவர் என்பது நீதிமன்றம் கூறிய காரணங்களில் ஒன்று. பெண்களின் அறிவை இவ்வளவு மனமுவந்து பாராட்டிய தீர்ப்பு வேறு உண்டோ, நான் அறியேன்! அப்பாராட்டின் வழியாகச் சம்பளமில்லாத கடைசிப் பரிசோதகராக அவள் நியமனம் பெற்றாள்.

நன்றாகச் சமைத்தாற் கிருமி சாகும் என்பது உண்மையே. ஆயின் சட்டிக்குட் செல்லுமுன் இறைச்சி கத்தியிலும் பலகையிலும் கையிலும் படுகின்றது. மரக்கறி உண்போர் மகிழ்வதற்கும் இடமில்லை; எருவோடும் நீரோடும் அதே கிருமி வயலுக்கும் போகின்றது. இவை ஒருபுறமிருக்க, சாதாரணக் கிருமி மருந்துக்கு அடங்காத கிருமியாக மாறியது எந்த அடுக்களையில்?

விடை தீவனத்தொட்டியில் இருக்கின்றது. 1948 இல் நியூயோர்க் மாநிலத்து லெடர்லி ஆய்வுகூடத்தில் தோமஸ் ஜூக்ஸ் என்பார், ஒரேயோமைசின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லியைத் தயாரித்தபின் எஞ்சிய கழிவைக் கோழிக்குஞ்சுகளுக்கு ஊட்டிப் பார்த்தார். குஞ்சுகள் விரைந்து கொழுத்தன. 1951 இல், மிருகவைத்தியரின் அனுமதியின்றியே இத்தகைய மருந்துகளைத் தீவனத்திற் கலக்க அரசாங்கம் இடமளித்தது. நோய்க்காக அன்று, நிறைக்காக! பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாந்தர் பிளெமிங், கொல்லப் போதாத சிற்றளவு மருந்துக்குக் கிருமிகளைப் பழக்கினால் அவை அம்மருந்தை எதிர்த்து வாழக் கற்றுவிடும் என்று தமது நோபல் பேருரையில் எச்சரித்தது 1945 இல். தீவனத்திற் கலக்கப்பட்டது அத்தகைய சிற்றளவே. ஆகவே அறியாமையால் நேர்ந்தது என்று சொல்லித் தப்பிக்கொள்ள எவருக்கும் வழியில்லை.

1976 இல் ஸ்ருவேட் லெவி என்னும் வைத்தியர், பொஸ்ரன் நகருக்கு அண்மையிலுள்ள பண்ணையொன்றில் நடத்திய ஆய்வினை வெளியிட்டார். ரெற்றாசைக்கிளின் கலந்த தீவனத்தை உண்ட கோழிகளின் குடலில் விரைவிலேயே எதிர்ப்புக் கிருமிகள் பெருகின. சில மாதங்களில், அம்மருந்தை உட்கொள்ளாத பண்ணைக் குடும்பத்தாரின் குடலிலும் அவை மிகுந்து காணப்பட்டன. இவ்வாய்வுக்குப் பணம் வழங்கியது மிருக மருந்துக் கம்பனிகளின் சங்கமே என்பது சுவையான செய்தி. பணம் கொடுத்தவர் விரும்பிய விடை அதுவன்று.

அடுத்த ஆண்டிலேயே, உணவு மருந்து நிர்வாகத்தின் தலைவராயிருந்த டொனால்ட் கெனடி, பெனிசிலின், ரெற்றாசைக்கிளின் ஆகியவற்றைத் தீவனத்திற் கலப்பதற்கிருந்த அனுமதிகளை நீக்க முன்வந்தார். விவசாய நிதி ஒதுக்கீட்டின் திறப்பைக் கையில் வைத்திருந்த காங்கிரஸ் உறுப்பினர், மிசிசிப்பியின் ஜேமி விற்றன், குறுக்கே நின்றார். இன்னும் ஆய்வு வேண்டும் என்றனர். முன்மொழிவு 34 ஆண்டுகள் உறங்கி, 2011 டிசெம்பரில் மீளப்பெறப்பட்டது. தக்க சூழலிற் சில பக்டீரியாக்கள் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்க வல்லவை. காங்கிரஸ் சபையின் நாட்காட்டி வேறு.

அடங்காத கிருமி கடைக்கு வந்தால் நிகழ்வது யாது? 2013 மார்ச்சுக்கும் 2014 ஜூலைக்குமிடையில், கலிபோர்னியாவின் பெருங் கோழி நிறுவனமொன்றின் இறைச்சியோடு தொடர்புபட்ட சல்மொனெல்லா நோய்க்கு 29 மாநிலங்களிலும் புவேர்ட்டோ ரிக்கோவிலுமாக 634 பேர் ஆளாயினர். பல நோயாளரிடம் கண்ட கிருமிகள் பல மருந்துகளை எதிர்த்து நின்றன. இறைச்சியில் ஒரு பகுதி சந்தையிலிருந்து திருப்பியழைக்கப்பட்டது 2014 ஜூலையில்தான். அதுவரை மக்களுக்குக் கிடைத்த அறிவுரையோ, நன்றாகச் சமையுங்கள் என்பது!

மருந்தை நீக்கினால் விலை ஏறாதா, ஏழை இறைச்சி உண்பது எவ்வாறு என முற்போக்கு நண்பர் சிலரும் கேட்பதுண்டு. கேள்வி நேர்மையானது, விடையை டென்மார்க்கில் தேடலாம். 1990 களின் இறுதிக்குள் அங்கு நிறைக்காக மருந்தூட்டுவது நின்றுபோயிற்று. பால்மறந்த பன்றிக்குட்டிகளிடையே கழிச்சல் சிலகாலம் கூடியது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் 1992 இல் ஆண்டுக்கு 18.4 மில்லியனாக இருந்த பன்றி உற்பத்தி 2008 இல் 27.1 மில்லியனாக உயர்ந்தது. ஒரு கிலோ இறைச்சிக்குச் செலவான மருந்தோ பாதிக்கும் கீழே இறங்கிற்று. அந்நாட்டில் இறைச்சித் தொழிலின் பெரும்பங்கு விவசாயிகளின் கூட்டுறவுகளிடம் இருந்தது என்பதை நாம் மனங்கொள்ளல் வேண்டும். அமெரிக்கக் கோழி வளர்ப்பு ஒப்பந்த முறையில் நடைபெறுவது. கோழி கம்பனியுடையது, தீவனமும் கம்பனியுடையது. கொட்டிலும் கடனும் எருவும் விவசாயியுடையன. தீவனத்தில் என்ன இருத்தல் வேண்டும் என்று அவனை யார் கேட்டார்?

2017 சனவரியில் அமெரிக்காவும், மனித வைத்தியத்துக்கு முக்கியமான மருந்துகளை நிறைக்காக ஊட்டுவதை நிறுத்தி, மிருகவைத்தியரின் அனுமதியைக் கட்டாயமாக்கியது. நல்லதே. எனினும் நோய் வருமுன் காத்தல் என்ற பெயரில் ஆரோக்கியமான மந்தை முழுவதற்கும் மருந்தூட்டக் கதவு திறந்தே கிடக்கின்றது. சல்மொனெல்லா குறித்த அளவை விஞ்சிய பச்சைக் கோழியை விற்பனைக்கு ஆகாததாக்கும் விதியொன்றை 2024 இல் விவசாயத் திணைக்களம் முன்மொழிந்தது. 2025 ஏப்ரலில் அதனையும் மீளப்பெற்றுக்கொண்டது. பொதியில் ஒட்டும் அறிவித்தலை மட்டும் எவரும் மீளப்பெறவில்லை.